தையற்காரர் மகன் ஃபூரியர்

கல்வி ஒருவனை எந்நிலைக்கு உயர்த்தும் என்பதற்கு உலக வரலாற்றில் சான்றுகள் பல உள. அவற்றுள் ஒன்றை நம் சங்கத்தின் வெள்ளி விழா மலர் வாயிலாக இளைஞர்கட்கு எடுத்துரைக்க விழைகின்றோம். பொறியியல் கற்போரும், தூய கணிதம் பயில்வோரும், மருத்துவ ஆய்வில் ஈடுபட்டோரும் ஒருங்கே போற்றும் பெயர் ஒன்று உண்டு. அது பிரான்சு நாட்டறிஞர் ஜோசப் ஃபூரியரின் பெயராகும்.

பிறப்பும் இளமையும்

ஃபூரியர் 1768ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 21ஆம் நாள் ஓசேர் என்னும் ஊரில் பிறந்தார். தந்தை துணி தைத்துப் பிழைத்தவர். குடும்பமோ மிகப் பெரிது. ஒன்பதாம் வயதில் தாயை இழந்த சிறுவன், அடுத்த ஆண்டே தந்தையையும் இழந்தான். நல்லோர் சிலரின் பரிந்துரையால், துறவியர் நடத்திய படைப் பள்ளி ஒன்றில் அவனுக்கு இடம் கிடைத்தது. அங்கே கணிதத்தின்பால் தணியாத வேட்கை பிறந்தது. பதினான்கு வயதிற்குள், பெசூ என்பார் எழுதிய ஆறு தொகுதிக் கணித நூலை முற்றும் கற்றுத் தேர்ந்தான். எரிந்து எஞ்சிய மெழுகுவத்தித் துண்டுகளைப் பகலில் சேர்த்து வைத்து, மற்றவர் உறங்கிய பின் அவ்வொளியில் படித்தான் என்று அவர் வரலாறு எழுதியோர் கூறுவர்.

அடைபட்ட வாயில்

பள்ளிக் கல்வி முடிந்ததும் பீரங்கிப் படையில் அதிகாரியாகச் சேர ஃபூரியர் விண்ணப்பித்தார். அவருடைய தகுதியில் எவருக்கும் ஐயமில்லை. ஆயினும் விண்ணப்பம் தள்ளப்பட்டது. உயர்குடியில் பிறவாதவன் எத்துணை அறிவுடையவனாயினும் அப்பதவிக்கு உரியவனல்லன் என்பதே காரணம். அக்காலப் பிரான்சில் சமயக் குருமார், பிரபுக்கள், பொதுமக்கள் என மூன்று படிநிலைகள் இருந்தன. உயர்பதவிகள் பலவும் பிரபுக்களின் மக்கட்கே உரியவை. பிறப்பைக் காட்டி ஒருவனை வாயிலிலேயே நிறுத்துவதன் வலி எத்தகையது என்பதை நம் சமுதாயத்தாருக்கு நாம் விளக்க வேண்டுவதில்லை.

வேறு வழியின்றி 1787இல் ஃபூரியர் துறவு மடம் புகுந்தார். 1789இல் பிரெஞ்சுப் புரட்சி வெடித்தது. துறவு ஏற்காமலேயே மடத்தை விட்டு வெளியேறித் தாம் பயின்ற பள்ளியிலேயே ஆசிரியரானார். புரட்சிக் குழுவிலும் பணியாற்றினார். அதன் உட்பூசல்களில் சிக்கி 1794இல் சிறைப்பட்டுத் தலை தப்புமோ என அஞ்சும் நிலையும் எய்தினார். ஆட்சி மாறியதால் உயிர் பிழைத்தார்.

1795இல் பாரிசு நகரில் ஆசிரியர்களைப் பயிற்றும் கல்லூரி ஒன்று தொடங்கப்பட்டது. அதற்குத் தெரிந்தெடுக்கப்பட்ட மாணவருள் ஃபூரியரும் ஒருவர். லக்ராஞ்சு, லப்லாசு, மோஞ்சு ஆகிய பெரும்புலவர்கள் அங்கே ஆசான்களாக விளங்கினர். 1797இல் லக்ராஞ்சு வகித்த பேராசிரியர் பதவி, பொறியாளர்களையும் பீரங்கிப் படை அதிகாரிகளையும் உருவாக்கும் பல்தொழில் கல்லூரியில், ஃபூரியரை வந்தடைந்தது. எப்படையில் சேரத் தகுதியில்லை என விலக்கப்பட்டாரோ, அப்படைக்கு வருவோர்க்கே அவர் ஆசானானார்!

ஆட்சிப் பணியும் ஆராய்ச்சியும்

1798இல் நெப்போலியனுடன் எகிப்துக்குச் சென்று 1801இல் திரும்பிய ஃபூரியர், 1802இல் கிரனோபிள் நகரைத் தலைமையிடமாகக் கொண்ட மாவட்டத்தின் ஆட்சித் தலைவரானார். அங்கே பூர்குவான் என்னுமிடத்தில் பரந்து கிடந்த சதுப்பு நிலம் சுற்றுப்புற ஊர்களில் காய்ச்சலைப் பரப்பி வந்தது. ஃபூரியர் அவ்வூரார் பலரையும் பேசி இணங்க வைத்து, அந்நீரை வடியச் செய்தார். மலைவழிச் சாலையும் அமைத்தார்.

இத்தனை அலுவல்களுக்கு இடையேதான் வெப்பம் பற்றிய ஆராய்ச்சியும் நடந்தது. இரும்பு வளையத்தின் ஓரிடத்தைச் சூடேற்றினால், அவ்வெப்பம் மற்ற இடங்கட்கு எவ்வாறு பரவும்? இவ்வினாவிற்கு விடை காணும் முயற்சியில் அவர் அரியதோர் உண்மையைக் கண்டார். எவ்வளவு சிக்கலான வடிவமாயினும், அதனை எளிய அலைகள் பலவற்றின் கூட்டாக எழுதிவிடலாம் என்பதே அது. பறையும் நாதசுரமும் ஒருங்கே முழங்கும்போது காதில் விழும் ஒலி ஒன்றே. எனினும் அதற்குள் அடங்கிய சுருதிகளைத் தனித்தனியே பிரித்து, ஒவ்வொன்றின் அளவையும் கூற இயலும். அவ்வாறு பிரிக்கும் வழியே ஃபூரியர் முறை எனப்படுகின்றது.

1807இல் இக்கட்டுரையை அவர் பாரிசு அறிஞர் அவையில் அளித்தார். அவருடைய ஆசான் லக்ராஞ்சே அதனை ஏற்க மறுத்தார். திருத்தி அளித்த கட்டுரைக்கு 1812இல் பரிசு கிடைத்தது. ஆயினும் நிறுவல் முழுமையாக இல்லை என்ற குறையும் உடன் சுட்டப்பட்டது, கட்டுரை அச்சேறவில்லை. ஃபூரியர் மனம் தளரவில்லை. 1822இல் வெப்பத்தின் பகுப்பாய்வுக் கொள்கை என்னும் பெருநூலாக அதனை வெளியிட்டார். முதற்கட்டுரைக்கும் நூலுக்கும் இடையே ஆண்டுகள் பதினைந்து.

மூன்று துறைகட்கு ஒரு கொடை

ஆசான்கள் சுட்டிய குறையும் வீண்போகவில்லை. அதனை நீக்க முயன்ற டிரிக்லே 1829இல் முறையான நிறுவல் ஒன்றை அளித்தார். அவ்வழியே ஆராய்ந்து சென்ற காண்டர், கணக் கொள்கை என்னும் புதுத்துறையையே தோற்றுவித்தார். நம் பிள்ளைகள் பள்ளியில் பயிலும் கணங்களுக்கு வேர் அங்கே உள்ளது.

பொறியியலில், கடலடித் தந்திக் கம்பியில் மின்குறிகள் செல்லும் வகையைக் கெல்வின் பிரபு 1850களில் ஃபூரியரின் வெப்பச் சமன்பாட்டைக் கொண்டே கணித்தார். 1965இல் கூலி, டூக்கி என்னும் இருவர் அக்கணக்கைக் கணிப்பொறியில் விரைந்து செய்யும் வழியை வெளியிட்டனர்.

மருத்துவத்தில் நாம் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் என வழங்கும் கருவியும் இம்முறையாலேயே இயங்குகின்றது. வலிய காந்தத்தினுள் கிடத்தப்பட்ட நோயாளியின் உடலிலுள்ள நீரணுக்கள் மெல்லிய வானொலி அலைகளை எழுப்புகின்றன. அவை யாவும் கலந்தே வரும். காந்தப்புலம் இடத்திற்கு இடம் மாறுபடுமாறு அமைக்கப்படுவதால், அலையின் அதிர்வெண் அது புறப்பட்ட இடத்தைக் காட்டும். ஃபூரியர் முறையால் அவற்றைப் பிரித்தறிந்து, கத்தி படாமலே உள்ளுறுப்பின் படத்தை வரைகின்றனர். 1975இல் இவ்வழியை வகுத்த எர்ன்சுட்டு என்னும் சுவிட்சர்லாந்து அறிஞருடன் பணியாற்றியவருள் இந்தியராகிய அனில் குமாரும் ஒருவர்.

முடிவுரை

ஃபூரியர் 1830ஆம் ஆண்டு மே 16ஆம் நாள் பாரிசில் காலமானார். மருத்துவக் கருவி எதனையும் அவர் கனவிலும் கண்டாரில்லை. இக்கணக்கு எதற்கு உதவும் என்று வகுப்பில் வினவும் மாணவர்கட்கு, இவ்வரலாற்றையே விடையாகக் கூற விரும்புகின்றோம்.

இன்னுமொன்று கூறி அமைவோம். ஃபூரியரின் அறிவு மட்டுமே அவருக்கு வாயிலைத் திறந்துவிடவில்லை. விண்ணப்பம் தள்ளப்பட்ட நாளிலும் அவ்வறிவு அவரிடம் இருந்ததன்றோ? நாட்டின் சட்டம் மாறியது, வாயில் திறந்தது. திறந்த நாளில் உள்ளே நுழைய அவர் ஆயத்தமாக இருந்தார். அவருக்கு முன் அதே வாயிலில் நின்று திரும்பிய ஏழைப் பிள்ளைகள் எத்தனை பேரோ! அவர்தம் பெயர்கள் வரலாற்றில் இல்லை. வாயிலைத் திறப்பது பெரியோர் கடமை. மெழுகுவத்தித் துண்டுகளைச் சேர்ப்பது இளைஞர் கடமை. இவ்விரண்டும் கூடுமிடத்தில்தான் ஒரு சமுதாயம் தலைநிமிரும். நம் சங்கம் முதற்கடமையைக் கால் நூற்றாண்டாக ஆற்றி வருகின்றது. இரண்டாவதை ஆற்ற வேண்டியவர்கள் இம்மலரைக் கையிலேந்தியுள்ள இளைஞர்களே.