சொந்த ஊரில் இடம் கேட்ட எத்தெல் லாரன்ஸ்

திங்கட்கிழமைகளில் ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்துக்கு வீட்டுமனைப் பட்டா மனுவோடு போய் வந்தவர்கள் இந்தப் பத்தியை வாசிப்பவர்களில் பலர் உண்டு. அவர்களை இந்த வாரம் கடல் கடந்து அழைத்துப் போகிறோம். தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த ஊரில் ஏழைகள் குடியிருக்க இடம் கேட்டு, வாழ்வின் கடைசி 23 ஆண்டுகளை வழக்கோடு கழித்த ஒரு கறுப்பினப் பெண்மணியின் வரலாறு இது.

எத்தெல் லாரன்ஸ் 1926இல் பிறந்தவர். அவருடைய ஊர் மவுண்ட் லாரல். அமெரிக்காவின் நியூஜெர்சி மாநிலத்தில், தெற்கே இருக்கிறது. 22 சதுர மைல் பரப்புள்ள விவசாய ஊர். அடிமை முறை ஒழிவதற்கு முன்பே அந்தப் பகுதியில் கறுப்பினக் குடும்பங்கள் குடியேறி உழைத்து வந்தன. எத்தெலின் முன்னோரும் அவர்களில் அடக்கம். அவர்களுக்கென்று ஜேக்கப்ஸ் சாப்பல் என்ற சிறிய தேவாலயம் இருந்தது. குழந்தைகள் காப்பகம் ஒன்றில் ஆசிரியையாக வேலை பார்த்த எத்தெல், பல பிள்ளைகளுக்குத் தாய். கட்சிக்காரர் அல்ல, மேடைப் பேச்சாளரும் அல்ல.

1950இல் அந்த ஊரின் மக்கள்தொகை 2,817. பெருஞ்சாலைகள் வந்தன. பக்கத்து நகரங்களிலிருந்து வசதியுள்ள வெள்ளையர்கள் வந்து வீடு கட்டினார்கள். 1970இல் மக்கள்தொகை 11,221 ஆகிவிட்டது. ஊரில் பணம் புழங்கியது. ஆனால் ஸ்பிரிங்வில் பகுதியில் இருந்த கறுப்பின ஏழைகள் சிலர், கோழி வளர்ப்பதற்காகப் போட்ட கொட்டகைகளைத் தடுத்து வீடாக்கிக் குடியிருந்தார்கள். அவை மனிதர் வாழத் தகுதியற்றவை என்று ஊர் நிர்வாகம் மூடத் தொடங்கியது. தகுதியற்றவை என்பது உண்மைதான். வெளியேறியவர்கள் எங்கே போவது என்பதற்கு நிர்வாகத்திடம் பதில் இல்லை. பலர் கேம்டன் நகரத்தின் நெரிசலான வாடகை வீடுகளுக்குப் போனார்கள்.

எத்தெலும் ஊர்க்காரர்கள் சிலரும் ஒரு குழுவாகச் சேர்ந்து, அரசு உதவியோடு 36 அடுக்குமாடி வீடுகள் கட்டத் திட்டம் போட்டார்கள். வெறும் 36 வீடுகள். அதற்குக் குறுக்கே நின்றது ஊரின் மண்டல விதி.

மண்டல விதியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஊரின் நிலத்தைக் குடியிருப்பு, தொழில், கடை என்று பிரித்து, எங்கே எந்த அளவில் எதைக் கட்டலாம் என்று சொல்வது மண்டல விதி. வெள்ளையர் தெருவில் கறுப்பினத்தவர் குடியேறக் கூடாது என்று அமெரிக்க நகரங்கள் சில நேரடியாகவே சட்டம் போட்டிருந்தன. 1917இல் உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது. ஆனால் எத்தெல் பிறந்த அதே 1926இல், தனி வீடுகள் உள்ள பகுதியில் அடுக்குமாடிகளைத் தடுக்கும் விதி செல்லும் என்று அதே நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தனி வீடுகளுக்கு நடுவே எழும் அடுக்குமாடியை அந்தத் தீர்ப்பு ஒட்டுண்ணிக்கு ஒப்பிட்டது. நிறத்தைச் சொல்லித் தடுத்தால் குற்றம், சதுர அடியைச் சொல்லித் தடுத்தால் நிர்வாகம்.

மவுண்ட் லாரலின் விதிப்படி தனி வீடு மட்டுமே கட்டலாம். ஒரு மனை குறைந்தது 9,375 சதுர அடி இருக்க வேண்டும். நம் கணக்கில் 21 சென்ட்டுக்கும் அதிகம். சில பகுதிகளில் 20,000 சதுர அடி, அதாவது ஏறத்தாழ 46 சென்ட். வீடும் 1,100 சதுர அடிக்குக் குறையக் கூடாது. ஊர் நிலத்தில் 4,000 ஏக்கருக்கு மேல் தொழிற்சாலைக்கென்று ஒதுக்கிவிட்டு, அதில் 100 ஏக்கர் அளவுதான் பயன்பாட்டில் இருந்தது. பெரிய நிறுவனங்கள் கட்டும் அடுக்குமாடிகளுக்கு விதிவிலக்கு கொடுத்தபோதும், பெரும்பாலான வீடுகளில் ஒரு படுக்கையறைதான் இருக்கலாம் என்றார்கள். பள்ளிப் பிள்ளைகளின் எண்ணிக்கை சொன்ன அளவை மீறினால் செலவைக் கட்டுநர் தர வேண்டும் என்றும் நிபந்தனை வைத்தார்கள். அங்கே பள்ளிச் செலவு பெருமளவு உள்ளூர் வீட்டுவரியிலிருந்து போகிறது. அதனால் ஏழை வீட்டுப் பிள்ளை என்றாலே ஊருக்குச் செலவு என்று கணக்குப் போட்டார்கள். இத்தனை விதிகளிலும் கறுப்பினத்தவர் என்ற சொல் ஓரிடத்திலும் கிடையாது. ஊருக்கும் சேரிக்கும் நடுவே எல்லை எப்படி விழுகிறது என்று பார்த்து வளர்ந்த நமக்கு இதைப் புரிந்துகொள்ள அகராதி தேவையில்லை.

1970இல் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஊர் மேயர் ஜேக்கப்ஸ் சாப்பலுக்கு வந்தார். 36 வீடுகளுக்கு அனுமதி வந்துவிட்டது என்று சொல்லப்போகிறார் என எதிர்பார்த்துச் சபை கூடியிருந்தது. அவரோ, இந்த ஊரில் வாழ வசதியில்லாதவர்கள் ஊரைவிட்டுப் போக வேண்டியதுதான் என்று சொல்லிவிட்டுப் போனார். தங்கள் பாட்டன் பூட்டன் புதைந்த ஊரில், வழிபாட்டு நேரத்தில், இதைக் கேட்டுக்கொண்டு இருந்தவர்களில் எத்தெலும் ஒருவர்.

1971இல் வழக்குத் தொடுக்கப்பட்டது. ஏழைகளுக்கு இலவசச் சட்ட உதவி செய்த இளம் வழக்கறிஞர்கள் கார்ல் பிஸ்கேயர், பீட்டர் ஓ'கானர், கென்னத் மைசர் ஆகியோர் வாதாட, கறுப்பின முன்னேற்றச் சங்கத்தின் உள்ளூர்க் கிளையும் மனுதாரராகச் சேர்ந்தது. எத்தெல் முன்னணி மனுதாரர்களில் ஒருவர். மகளும் உடன் நின்றார். வேலைக்குப் போய்க்கொண்டு, பிள்ளைகளை வளர்த்துக்கொண்டு, மிரட்டல்களையும் வசைகளையும் பொறுத்துக்கொண்டு வழக்கை நடத்தினார்.

1975இல் நியூஜெர்சி உச்ச நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. நிலத்தைக் கட்டுப்படுத்தும் அதிகாரம் மாநில மக்களின் பொதுநலனுக்காக ஊருக்குத் தரப்பட்டது. ஆகவே வளரும் ஊர் ஒவ்வொன்றும் சுற்றுவட்டாரத்துக்குத் தேவையான எளியோர் வீடுகளில் தன் பங்குக்கு இடம் தந்தே ஆக வேண்டும் என்பது தீர்ப்பின் சாரம். நீதிபதிகள் வருமானத்தை வைத்தே பேசினார்கள், நிறத்தைப் பற்றி அதிகம் பேசவில்லை. அதில் நமக்குக் குறை உண்டு.

தீர்ப்பு வந்ததும் மவுண்ட் லாரல் என்ன செய்தது? 14,000 ஏக்கருக்கு மேல் உள்ள ஊரில் மூன்று இடங்களில் மொத்தம் 20 ஏக்கரைக் காட்டியது. வீடு கட்ட யாரும் முன்வராத நிலம். எத்தெல் மறுபடி படியேறினார். 1983இல் இரண்டாவது தீர்ப்பு. தலைமை நீதிபதி ராபர்ட் விலென்ட்ஸ் இம்முறை பல் வைத்தே எழுதினார். பங்கைத் தராத ஊரில் எளியோர் வீடுகளும் சேர்த்துக் கட்ட முன்வரும் கட்டுநருக்கு நீதிமன்றமே அனுமதி பெற்றுத் தரும் என்றார். மாநிலம் முழுக்கக் கூச்சல் எழுந்தது. 1985இல் இதற்கென ஒரு சட்டமும் வாரியமும் வந்தன. வசதியான ஊர் தன் பங்கில் பாதி வரை பணம் கொடுத்து ஏழை நகரத்தின் தலையில் கட்டிவிடலாம் என்று அந்தச் சட்டத்திலேயே ஒரு வழியும் வைத்தார்கள். அந்த வழி 2008 வரை திறந்திருந்தது.

மவுண்ட் லாரலில் அந்த வீடுகளுக்கு ஒரு செங்கல்கூட வைக்கப்படாத நிலையில், 1994இல் எத்தெல் காலமானார். வழக்கறிஞர் ஓ'கானரும் எத்தெலின் மகளும் விடவில்லை. 1997இல் திட்டத்துக்கு அனுமதி கேட்டபோது பொதுக் கூட்டங்களில் எதிர்ப்பு வெடித்தது. குற்றம் பெருகும், வீட்டு விலை விழும், வரி ஏறும் என்றார்கள். அனுமதி கிடைத்தது. 2000இல் முதல் குடும்பங்கள் குடிவந்தன. பின்னர் மொத்தம் 140 வீடுகள் ஆயின. பிரின்ஸ்டன் பல்கலைக்கழகச் சமூகவியலாளர் டக்ளஸ் மாஸியும் குழுவினரும் பின்னாளில் ஆராய்ந்து பார்த்தார்கள். குற்றமும் பெருகவில்லை, விலையும் விழவில்லை, வரியும் அதனால் ஏறவில்லை. குடிவந்தவர்களின் வருமானம் உயர்ந்திருந்தது. 2013இல் நூலாகவும் வெளியிட்டார்கள்.

அங்கே உள்ள வீடுகளில் மூன்று படுக்கையறை கொண்டவையும் உண்டு. குடியிருப்புக்கு எத்தெல் லாரன்ஸ் இல்லங்கள் என்று பெயர். அங்கே குடியிருப்பவர்கள் தங்கள் முகவரியில் தெருவின் பெயராகவும் அவர் பெயரையே எழுதுகிறார்கள்.