பெர்சி ஜூலியன்: நிறத்தால் விலக்கப்பட்டவர் எளியோர்க்குத் தந்த மருந்து

நம் மருந்துக் கடைகளில் சில பத்து ரூபாய்க்குக் கிடைக்கும் ஸ்டீராய்டு களிம்பின் மூலப்பொருள் ஒரு காலத்தில் செல்வர்க்கே எட்டாத விலையில் இருந்தது. அதனை எளியோர் கைக்கு எட்டச் செய்தவர்களுள் முதன்மையானவர் பெர்சி லாவன் ஜூலியன் என்னும் அமெரிக்கக் கறுப்பின வேதியியலாளர். தோலின் நிறத்துக்காக வாழ்நாள் முழுதும் விலக்கப்பட்டவர் அவர். அவர் மலிவாக்கிய மருந்தோ இன்று நம் நாட்டில் தோலை வெளுப்பாக்கும் பசையாக விற்கப்படுகிறது. இந்த முரணைப் புரிந்துகொள்ள அவருடைய வாழ்வை நாம் அறிந்தாக வேண்டும்.

ஜூலியன் 1899 ஏப்ரல் 11 அன்று அலபாமா மாநிலத்தின் மாண்ட்கமரி நகரில் பிறந்தார். அடிமையாக வாழ்ந்த அவருடைய தாத்தா, எழுதப் படிக்கக் கற்ற குற்றத்துக்காக இரண்டு விரல்களை இழந்தார் என்பது குடும்ப வரலாறு. கல்வி மறுக்கப்பட்ட தலைமுறைகளின் வழிவந்த நமக்கு இச்செய்தி புதிதன்று. ஜூலியனின் இளமையில் அந்நகரக் கறுப்பினப் பிள்ளைகளுக்கு எட்டாம் வகுப்புக்கு மேல் பொதுப்பள்ளி இல்லை. எனவே 1916இல் இந்தியானாவின் டிபாவ் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தபோது, கல்லூரிப் பாடங்களோடு பள்ளிப் பாடங்களையும் சேர்த்தே படிக்க நேர்ந்தது. விடுதியில் அவருக்கு இடம் தரப்படவில்லை. வெள்ளை மாணவர்கள் தங்கிய இல்லமொன்றில் ஏவல் வேலை செய்து, அதன் பரணில் உறங்கினார். 1920இல் வகுப்பில் முதல் மாணவராகத் தேறினார்.

கொலம்பியாவில் படித்துத் திரும்பிய அண்ணல் அம்பேத்கர், 1917இல் பரோடாவில் தங்க இடமின்றி விரட்டப்பட்டதும் இதே காலத்தில்தான். பட்டம் பெற்றவர்க்கும் படுக்க இடம் மறுத்த உலகம் இரு கண்டங்களிலும் ஒன்றாகவே இருந்தது.

ஹார்வர்டில் 1923இல் முதுகலைப் பட்டம் பெற்றும், வெள்ளை மாணவர்க்குக் கறுப்பினத்தவர் பாடம் நடத்துவதை அந்நிறுவனம் ஏற்கவில்லை. முனைவர் பட்டத்துக்காக அவர் கடல் கடந்து வியன்னா செல்ல வேண்டியிருந்தது. 1931இல் அப்பட்டத்தைப் பெற்றார். 1935இல் ஜோசப் பிக்லுடன் இணைந்து, கண்ணழுத்த நோய்க்குப் பயன்பட்ட ஃபைசோஸ்டிக்மைனை ஆய்வகத்தில் உருவாக்கி உலகின் கவனத்தைப் பெற்றார். ஆயினும் டிபாவ் அவருக்குப் பேராசிரியர் பதவி தரவில்லை. டூபான்ட் நிறுவனம் பிக்லுக்கு வேலை தர முன்வந்தது, ஜூலியனை மறுத்தது.

1936இல் கிளிடன் நிறுவனம் அவரைச் சிகாகோவில் இருந்த தன் சோயா ஆய்வுப் பிரிவின் தலைவராக அமர்த்தியது. 1940இல் சோயா எண்ணெய்த் தொட்டி ஒன்றில் நீர் கசிந்து வெண்ணிறப் படிவு உண்டானது. அது ஸ்டிக்மாஸ்டிரால் என்பதை ஜூலியன் கண்டுகொண்டார். அதிலிருந்து ஹார்மோன்களைப் பேரளவில் செய்யும் வழி திறந்தது. 1949இல் கார்ட்டிசோன் மூட்டுவாத நோயாளிகளை எழுந்து நடக்கச் செய்த செய்தி உலகெங்கும் பரவியது. ஆனால் அம்மருந்து மாட்டின் பித்தநீரிலிருந்து முப்பதுக்கும் மேற்பட்ட படிகளில் செய்யப்பட்டது. விலையோ மிக அதிகம். அதே ஆண்டில் ஜூலியன், ஹைட்ரோகார்ட்டிசோனைவிட ஓர் ஆக்சிஜன் அணு மட்டுமே குறைந்த சேர்மத்தைச் செய்யும் வழியை அறிவித்தார். விடுபட்ட அணுவைப் பூஞ்சைகளின் உதவியால் சேர்க்கும் முறை பின்னர் வந்ததும், ஹைட்ரோகார்ட்டிசோன் மலிந்தது. 1952இல் நியூயார்க்கின் சல்ஸ்பர்கரும் விட்டனும் ஹைட்ரோகார்ட்டிசோன் களிம்பு தோல் அழற்சியைத் தணிப்பதைக் காட்டினர். இன்றைய ஸ்டீராய்டு களிம்புகளின் தொடக்கம் அது.

இக்காலத்தில்தான் அவர் சிகாகோவை அடுத்த ஓக் பார்க்கில் வீடு வாங்கினார். 1950 நவம்பரில், குடிபுகும் முன்பே அவ்வீட்டுக்குத் தீ வைக்க முயன்றனர். 1951 ஜூனில் பிள்ளைகள் வீட்டில் இருந்தபோது வெடிகுண்டு வீசினர். ஜூலியன் அவ்வூரை விட்டுப் போகவில்லை. பின்னர்ச் சொந்த ஆய்வகம் நிறுவி, பிற நிறுவனங்கள் புறக்கணித்த கறுப்பின வேதியியலாளர்க்கு வேலை தந்தார். குடிமையுரிமை வழக்குகளுக்கு நிதி திரட்டினார். 1973இல் அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகத்தின் உறுப்பினரானார். 1975 ஏப்ரல் 19 அன்று காலமானார்.

அதே 1975இல், ஸ்டீராய்டை ஹைட்ரோகுவினோன், டிரெட்டினாயின் ஆகியவற்றோடு கலந்து தோலின் நிறத்தைக் குறைக்கும் கலவை ஒன்று மருத்துவ இதழில் வெளியானது. மங்கு போன்ற நோய்களுக்கு, மருத்துவர் கண்காணிப்பில் சில வாரங்களே பயன்பட வேண்டிய கலவை அது. அதன் வழிவந்த பசைகள் நம் நாட்டில் சிவப்பழகு தரும் பசைகளாகக் கடைகளில் விலைபோயின. கறுப்பை இழிவாகக் கற்பித்த சாதிச் சமூகமே அவ்வணிகத்தின் விளைநிலம். மருத்துவர் சீட்டின்றி விற்க இடமளித்த விலக்கை 14 ஸ்டீராய்டு களிம்புகளுக்கு ஒன்றிய அரசு நீக்கியது 2018இல்தான். அதன் பின்னரும் கேட்டவுடன் எடுத்துத் தரும் கடைகள் குறையவில்லை.

இதன் சுமை யார்மீது விழுகிறது? பழனி மலையின் பாச்சலூரில் காப்பித் தோட்டத்தில் கூலி வேலை செய்பவரை எண்ணிப் பார்ப்போம். பூச்சிமருந்தும் ஈரமும் கைகால்களில் அரிப்பைத் தருகின்றன. தோல் மருத்துவரைக் காண மலையிறங்கினால் ஒரு நாள் கூலி போகும். கடையில் கேட்டு வாங்கும் களிம்பு இரண்டு நாளில் அரிப்பை அடக்கிவிடும். அரிப்பு படர்தாமரையால் வந்திருந்தால், ஸ்டீராய்டு சிவப்பை மறைத்துப் பூஞ்சையை உள்ளுக்குள் பரவவிடும். முகத்தில் மாதக்கணக்கில் பூசினால் தோல் மெலியும், இரத்தக் குழாய்கள் தெரியும், பருவும் முடியும் வளரும். திடீரென நிறுத்தினால் எரிச்சலும் சிவப்பும் முன்னிலும் அதிகமாகத் திரும்பும்.

ஆயினும் இம்மருந்தை அஞ்சி ஒதுக்குவதும் தவறே. கரப்பான், ஒவ்வாமை அழற்சி போன்றவற்றுக்கு முறையாகப் பூசினால் இது பெருந்துணை. குழாயின் மேல் அச்சிட்ட மருந்தின் பெயரைப் படிக்க வேண்டும்: ஹைட்ரோகார்ட்டிசோன் மென்மையானது, மொமெட்டசோன் அதனினும் வலியது, குளோபெட்டசால் மிக வலியது. முகம், அக்குள், தொடையிடுக்கு ஆகிய இடங்களிலும் குழந்தைகளின் தோலிலும் வலிய மருந்தை மருத்துவர் சொல்லாமல் பூசலாகாது. விரல் நுனியிலிருந்து முதல் மடிப்பு வரை பிதுக்கிய அளவு, இரண்டு உள்ளங்கைப் பரப்புக்குப் போதும். ஒரு நாளைக்கு ஒன்று அல்லது இரண்டு முறை, அழற்சி உள்ள இடத்தில் மட்டும், மருத்துவர் குறித்த நாள்வரை மெல்லியதாகப் பூச வேண்டும். நெடுநாள் பூசியவர்கள் தாமாக நிறுத்தாமல் மருத்துவரைக் கண்டு படிப்படியாகக் குறைக்க வேண்டும். பூஞ்சைக்கொல்லியும் ஸ்டீராய்டும் கலந்த களிம்புகளைச் சீட்டின்றி வாங்கலாகாது.

இவ்வறிவைக் குடியிருப்புகளுக்குக் கொண்டு செல்லும் பொறுப்பு கல்லூரி மாணவர்களுக்கு உண்டு. மலையூர்களின் ஆரம்ப சுகாதார நிலையங்களுக்குத் தோல் மருத்துவர் குறித்த நாளில் வரவேண்டும் என்றும், சீட்டின்றி விற்கும் கடைகள்மீது நடவடிக்கை வேண்டும் என்றும் நாம் கேட்க வேண்டும். மருந்தின் விலையை ஜூலியன் போன்றோர் குறைத்துவிட்டனர். அதைச் சொல்லித் தரும் மருத்துவர் எளியோர் ஊருக்கு வந்து சேருவது இன்னும் நம் போராட்டத்தில்தான் இருக்கிறது.