பருத்திப் பூவின் ரகசியம் கண்ட சேஷாத்திரி

தர்மபுரி மாவட்டத்தில் அரூர், மொரப்பூர்ப் பக்கம் பருத்திக் காடுகள் உண்டு. பூக்கிற பருவத்தில் செடிக்குச் செடி மஞ்சள் பூத் தெரியும். அந்தக் காட்டோரமாக நடந்து பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகளின் பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தில் கார்பனைப் பற்றி ஒரு பாடம் இருக்கிறது. கோடும் எழுத்துமாக வரும் அந்தப் படங்களைக் கண்டு மிரளாத பிள்ளைகள் குறைவு.

அந்தப் பூவுக்கும் இந்தப் பாடத்துக்கும் நெருங்கிய சம்பந்தம் உண்டு. அதை ஆராய்ந்தே உலகப் புகழ் பெற்றார் ஒரு தமிழர். அவர்தான் டி. ஆர். சேஷாத்திரி.

ஆசிரியர் மகன்

காவிரிக் கரையில் உள்ள குளித்தலையில், 1900-ம் ஆண்டு பிப்ரவரி 3-ந்தேதி பிறந்தார். தந்தை உள்ளூர்ப் பள்ளி ஆசிரியர். வீட்டில் ஐந்து ஆண் பிள்ளைகள். வருமானம் எவ்வளவு இருந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஸ்ரீரங்கத்திலும் திருச்சியிலும் பள்ளிப் படிப்பு முடிந்தது. பிறகு சென்னை மாநிலக் கல்லூரி. ராமகிருஷ்ண மிஷன் கைகொடுத்ததால் அந்தப் படிப்பு நடந்தது. பட்டம் பெற்றதும் மிஷனிலேயே ஓராண்டு வேலை பார்த்தார். பிறகு அதே கல்லூரியில் பேராசிரியர் பி. பி. டே என்பவரிடம் ஆராய்ச்சி மாணவராகச் சேர்ந்தார்.

1927-ல் சர்க்கார் உபகாரச் சம்பளம் கிடைத்தது. கப்பல் ஏறினார். மான்செஸ்டரில் ராபர்ட் ராபின்சனிடம் பயின்று 1929-ல் டாக்டர் பட்டம் பெற்றார். ராபின்சன் அப்போது பூக்களின் நிறப் பொருள்களை ஆராய்ந்து கொண்டிருந்தார். 1947-ல் நோபல் பரிசு பெற்றவர் அவர்.

சேஷாத்திரி அத்துடன் ஊர் திரும்பிவிடவில்லை. ஆஸ்திரியாவில் கிராஸ் நகரத்துக்குப் போய் பிரெகிலிடம் ஒரு வித்தை கற்றார். சில மில்லிகிராம் பொருளைக் கொண்டே அதில் கார்பன் எவ்வளவு, ஹைட்ரஜன் எவ்வளவு என்று கணக்கிடும் வித்தை. பொருளை எரித்தால் கார்பன் கரியமில வாயுவாகும். ஹைட்ரஜன் நீராகும். இரண்டையும் பிடித்து நிறுத்தால் கணக்கு வந்துவிடும். கூடை கூடையாகப் பூப் பறித்தாலும் கடைசியில் கிடைக்கும் சாயம் கொஞ்சந்தான். அதனால் இந்த வித்தை பின்னாளில் அவருக்குப் பெரிய சொத்தாயிற்று.

1930-ல் தாயகம் திரும்பினார். கோயம்புத்தூர் விவசாய ஆராய்ச்சி நிலையத்தில் மண்ணைப் பரிசோதிக்கும் வேலை கிடைத்தது. நிலையான உத்தியோகம். வேறொருவராக இருந்தால் அதிலேயே இருந்து பென்ஷன் வாங்கியிருப்பார். அவர் 1933-ல் வால்டேருக்குப் புறப்பட்டுவிட்டார். ஆந்திர சர்வகலாசாலையில் ரசாயனத் துறை அவர் பொறுப்பில் வந்தது.

கூட்டுக் கிணறு

அவர் செய்ததை அறிய, கார்பனைக் கொஞ்சம் அறிய வேண்டும்.

கார்பன் அணுவில் ஆறு எலெக்ட்ரான்கள். வெளிக்கூட்டில் இருப்பவை நான்கு. எட்டு இருந்தால்தான் அந்தக் கூடு நிறையும். நான்கையும் கொடுத்துவிடுவது கடினம். இன்னும் நான்கை வாங்கிக் கொள்வதும் கடினம். ஆகவே கார்பன் பங்கு போடுகிறது. பக்கத்துக் காட்டுக்காரர்கள் இருவர் கூட்டுக் கிணறு வைத்துக்கொள்வதைப் போல. கிணறு ஒன்றுதான். ஆனால் இருவர் கணக்கிலும் அது உண்டு. அணுக்கள் இரண்டு ஆளுக்கோர் எலெக்ட்ரானைப் பொதுவில் வைத்தால் ஒரு பிணைப்பு. ஆளுக்கிரண்டு வைத்தால் இரட்டைப் பிணைப்பு.

இப்படிக் கார்பன் நான்கு பிணைப்புகள் போட்டுக்கொள்ளும். கார்பனோடு கார்பனே சேர்ந்து சங்கிலியாக நீளும். வளையமாகவும் வளையும். சர்க்கரை, எண்ணெய், சாராயம், சாயம் எல்லாம் இந்தப் பிணைப்பின் வேலை.

பருத்திப் பூவின் மஞ்சளும் அப்படித்தான். ஆறு கார்பன் சேர்ந்து ஒரு வளையம். அதுபோல் இன்னொரு வளையம். இடையே மூன்று கார்பன் பாலம். ஆக மொத்தம் பதினைந்து.

பதினைந்தின் விளையாட்டு

கே. நீலகண்டம் என்ற ஆராய்ச்சியாளருடன் சேர்ந்து, சேஷாத்திரி பருத்திப் பூக்களை ஆராய்ந்தார். கம்போடியா, உப்பம், கருங்கண்ணி என்று நம் உழவர் வாயில் புழங்கிய பெயர்கள் விஞ்ஞானப் பத்திரிகையில் ஏறின. பூவரசம் பூவும் அவர் மேஜைக்கு வந்தது.

அவர் கண்ட கணக்கு வேடிக்கையானது. வெங்காயத்தின் மேல்தோலில் குவர்செட்டின் என்றொரு மஞ்சள் பொருள் உண்டு. அதில் கார்பன் 15, ஹைட்ரஜன் 10, ஆக்ஸிஜன் 7. பருத்திப் பூவின் காசிபெட்டினில் கார்பனும் ஹைட்ரஜனும் அதே எண்ணிக்கை. ஆக்ஸிஜன் மட்டும் 8. புளிச்சைக் கீரை இனத்துப் பூவில் உள்ள ஹிபிஸெட்டினில் அது 9. எலும்புக்கூடு ஒன்றே. எந்தக் கார்பனில் எத்தனை ஆக்ஸிஜன் ஒட்டியிருக்கிறது என்பதில்தான் வித்தியாசம்.

செடி முதலில் எலும்புக்கூட்டைக் கட்டுகிறது, பிறகுதான் ஆக்ஸிஜனைக் கூட்டுகிறது என்று அவர் கருதினார். கருதியதோடு நிற்கவில்லை. குவர்செட்டினில் குறிப்பிட்ட ஓரிடத்தில் ஓர் ஆக்ஸிஜனை ஏற்றி, கண்ணாடிக் குடுவையிலேயே காசிபெட்டின் ஆக்கிக் காட்டினார்கள் அவரும் அவருடைய மாணவர்களும். செடிகொடிகளில் இதே வேலையைச் செய்யும் ஒரு நொதி, செவ்வந்தி இனத்துப் பூவொன்றில் வெகுகாலம் கழித்து அகப்பட்டது.

குண்டு விழுந்தது

இதற்கிடையே உலக யுத்தம் வந்தது. 1942 ஏப்ரல் 6-ந்தேதி விசாகப்பட்டினத்தின் மீது ஜப்பானிய விமானங்கள் குண்டு போட்டன. சர்வகலாசாலை குண்டூருக்குப் பெயர்ந்தது. பாடுபட்டு அமைத்த ஆராய்ச்சிக்கூடம் கைவிட்டுப் போயிற்று. ஒன்பது ஆண்டு உழைப்பு. மனம் உடைந்து போக அது போதும். ஆனால் அவருடைய மூலப்பொருள் சீமைச் சரக்கல்ல. பூவும் விதையும் பட்டையும் குண்டூரிலும் கிடைத்தன. குறைந்த வசதியில் வேலை தொடர்ந்தது.

நம் சாலையோரப் புங்க மரத்தையும் அவர் விட்டுவைக்கவில்லை. புங்கம் விதையின் எண்ணெயில் உள்ள பொங்கமால் என்ற பொருளின் அமைப்பை அவரும் கூட்டாளிகளும் வகுத்துச் சொன்னார்கள். புங்கெண்ணெயில் விளக்கேற்றிய நமக்கு அதனுள் இப்படியொரு கார்பன் கட்டடம் இருப்பது தெரியாது!

1949-ல் டில்லி சர்வகலாசாலை அவரை அழைத்துக்கொண்டது. 1960-ல் லண்டன் ராயல் சொஸைட்டி அவரை அங்கத்தினராக்கியது. 1963-ல் பத்மபூஷண் விருது வந்தது. 1965-ல் ஓய்வு பெற்றார். சேலத்திலிருந்து பிரிந்து தர்மபுரி தனி மாவட்டமானதும் அதே ஆண்டில்தான்.

ஓய்வு என்பது பெயரளவுக்குத்தான். மாணவர்கள் விடவில்லை. அவரும் விடவில்லை. கௌரவப் பேராசிரியராக ஆராய்ச்சியைத் தொடர்ந்து நடத்தி வந்த சேஷாத்திரி, 1975 செப்டம்பர் 27-ந்தேதி, தமது 75-வது வயதில் காலமானார்.