ஒளியை மருந்தாக்கிய டாக்டர் ஃபின்சன்

வெல்டிங் ஷாப்பில் கறுப்புக் கண்ணாடி இல்லாமல் ஆர்க்கைப் பார்த்துவிட்டு, ராத்திரி முழுக்கக் கண்ணில் மணல் கொட்டின மாதிரி தவித்த அனுபவம் நம்மில் பல பேருக்கு உண்டு. அதே ஆர்க் வெளிச்சத்தை மருந்தாக மாற்றினார் ஒரு மனிதர். அவர்தான் டாக்டர் நீல்ஸ் ஃபின்சன்.

1860 டிசம்பர் 15-ல் ஃபேரோ தீவுகளில் உள்ள தோர்ஷாவனில் பிறந்தார். டென்மார்க்கில் பள்ளியில் படித்தபோது, பையன் நல்லவன், ஆனால் படிப்பு ஏறாது என்று தலைமை ஆசிரியரே சொல்லிவிட்டார். பிறகு ஐஸ்லாந்தில் போய்ப் படித்தார். அங்கேயும் 15 பேரில் 11-வது இடம்தான்! அரியர் வைத்திருக்கும் நண்பர்கள் இதைக் கவனிக்கவும்.

1882-ல் கோபன்ஹேகனில் மருத்துவம் படிக்கச் சேர்ந்தார். அந்த நாட்களிலேயே உடம்பு கெட ஆரம்பித்தது. ரத்தசோகை, ஓயாத அசதி. குடியிருந்ததோ வெயில் எட்டாத வடக்குப் பார்த்த வீடு. வெயிலில் இருந்தால் தேவலை என்று பட்டது. கூரையில் படுத்திருந்த ஒரு பூனை, நிழல் வர வர நகர்ந்து நகர்ந்து வெயிலுக்கே போனதையும் கவனித்தார். வெளிச்சத்தில் ஏதோ சக்தி இருக்கிறது என்று தேட ஆரம்பித்தார்.

அக்காலத்தில் தோலைத் தாக்கும் காசநோய் மூக்கையும் கன்னத்தையும் அரித்துத் தின்றது. வெளியே தலைகாட்ட முடியாத நோயாளிகள் ஏராளம். 1895-ல் ஃபின்சன் கார்பன் ஆர்க் விளக்கின் ஒளியை லென்ஸ்களால் குவித்து, தண்ணீரால் சூட்டைக் குறைத்துப் புண்ணில் பாய்ச்சினார். ரத்தம் ஒளியைத் தடுக்கும் என்பதால் அந்த இடத்தைப் படிகக் கல்லால் அழுத்திப் பிடித்தார்கள். முதல் நோயாளி யார் தெரியுமா? ஒரு இன்ஜினியர்! சிகிச்சை நடந்ததும் கோபன்ஹேகன் மின்சார நிலையத்தில்தான். மாதக்கணக்கில் பொறுமையாகச் செய்து குணம் கண்டார்கள். 1896-ல் ஒளி மருத்துவ நிலையம் உருவானது.

1903-ல் நோபல் பரிசு வந்தபோது அவர் சக்கர நாற்காலியில் இருந்தார். பரிசுப் பணத்தில் பெரும் பகுதியை மருத்துவத்துக்கே கொடுத்துவிட்டார். வயிற்றில் நீர் கோத்த தன் உடம்பையே ஆராய்ந்து, உப்பைப் பற்றிக் கட்டுரை எழுதினார். 1904 செப்டம்பர் 24-ல், 43 வயதில் காலமானார்.

காசநோய்க்கு மாத்திரை, ஊசி வந்தபின் அவர் விளக்கு ஓய்ந்தது. ஆனால் அவர் வழி ஓயவில்லை. பல வருஷ வெயிலில் கெட்டுப்போன தோலில் சொரசொரப்பான திட்டுகள் வரும். சில திட்டுகள் புற்றுநோயாகவும் மாறலாம். இன்று அதில் ஒரு மருந்தைத் தடவி, நீல அல்லது சிவப்பு ஒளியைக் காட்டுகிறார்கள். கெட்ட செல்களுக்குள் பார்பிரின் என்ற பொருள் உண்டாகி, ஒளி பட்டதும் ஆக்சிஜனைத் தூண்டிவிட்டு அவற்றைக் கொல்கிறது. 1999-ல் அமெரிக்கா இதற்கு அனுமதி தந்தது. ஃபின்சனின் விளக்கும் காசநோய்க் கிருமிகளில் இருந்த பார்பிரின் வழியாகவே வேலை செய்திருக்கலாம் என்று 2005-ல் டென்மார்க் ஆய்வாளர்கள் காட்டினார்கள். காரணம் முழுசா தெரியாமலே அவர் சரியான வழியில் போயிருக்கிறார்!

எங்க குடும்பத்தில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான். முதல் செமஸ்டரில் கணக்கில் அரியர் விழுந்தபோது அப்பா ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதுதான் ரொம்ப வலித்தது. ஊருக்கே போயிடலாமா என்றுகூட நினைத்தேன். 11-வது இடம் வந்த அந்தப் பையனின் கதையைப் படித்தபின் அந்த நினைப்பு போயிடுச்சு. மார்க் ஷீட்டோடு வாழ்க்கை முடிவதில்லை நண்பர்களே!