பாலும் ஒரு விரதமும்: காந்தியடிகளின் உணவு வாழ்க்கை

கேமரன் மலையின் தேயிலைத் தோட்டங்களில் பிறந்து வளர்ந்தவர்களுக்குப் பால் கலந்த தேநீர் வெறும் பானம் அன்று. விடியற்காலைக் குளிரில் கொழுந்து பறிக்கக் கிளம்பும் முன் பசியாறுவது அதைக் கொண்டுதான். விருந்தினரை வரவேற்பதும் துக்க வீட்டில் ஆறுதல் சொல்வதும் அதைக் கொண்டுதான். பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு பயிலும்போது இறைச்சியோடு பாலையும் விட்டுவிடுவதென முடிவெடுத்தேன். விடுமுறைக்கு வீடு திரும்பிய முதல் நாளே, அம்மா நீட்டிய கோப்பையை மறுப்பது எவ்வளவு கடினம் என்பது விளங்கிவிட்டது. லயத்தின் பின்புறம் மாடு வளர்த்து, பால் விற்றுப் பிள்ளைகளைப் படிக்க வைத்தவர் என் பாட்டி. என் முடிவு தம் வாழ்க்கையையே குற்றம் சொல்வதாக அவருக்குப் பட்டது. அவர் அன்று என்னோடு பேசவே இல்லை.

எங்கள் வீட்டுக் கூடத்தில் காந்தியடிகளின் படம் ஒன்று உண்டு. இதே கேள்வியோடு வாழ்நாள் முழுவதும் போராடியவர் அவர் என்பதைப் பின்னர்தான் படித்து அறிந்தேன். விடுதலைப் போராட்ட வீரராக அவரை அறியாதோர் இலர். ஒரு கோப்பைப் பாலுக்காக அவர் பட்ட மனவேதனையை அறிந்தோர் சிலரே.

மோகன்தாஸ் கரம்சந்த் காந்தி 1869ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் குஜராத்தின் போர்பந்தரில் வைணவக் குடும்பத்தில் பிறந்தார். வீட்டில் புலால் என்ற பேச்சே கிடையாது. ஆயினும் இளமையில், ஆங்கிலேயரின் வலிமைக்கு இறைச்சியே காரணம் என்று நண்பர் ஒருவர் சொன்னதை நம்பி, மறைவாக ஆட்டிறைச்சி உண்டார். அன்றிரவு வயிற்றுக்குள் ஆடு கத்துவதுபோல் தோன்றி அவரால் உறங்க முடியவில்லை. எனினும் ஏறத்தாழ ஓராண்டு அப்பழக்கம் அவ்வப்போது தொடர்ந்தது. கடைசியில் அவரை நிறுத்தியது உயிர் இரக்கம் அன்று. பெற்றோரிடம் பொய் சொல்ல நேர்கிறதே என்ற உறுத்தல்தான்.

1888இல் சட்டம் பயில இலண்டனுக்குப் புறப்பட்டபோது, மதுவையும் மாதரையும் மாமிசத்தையும் தொடுவதில்லை என்று தாயார் புத்லிபாயிடம் சத்தியம் செய்து கொடுத்தார். இலண்டனில் அவர் பட்ட பாடு கொஞ்சமன்று. உப்புச் சப்பில்லாத வேகவைத்த காய்கறியும் ரொட்டியும் வயிற்றுக்குப் போதவில்லை. பல நாள் அலைந்த பிறகு பாரிங்டன் தெருவில் ஒரு சைவ உணவகத்தைக் கண்டார். அங்கே ஹென்றி சால்ட் எழுதிய சைவ உணவு பற்றிய நூலை வாங்கிப் படித்தார். அதுவரை தாய்க்குக் கொடுத்த வாக்குக்காகச் சைவராக இருந்தவர், அன்று முதல் தம் சொந்த அறிவால் தெளிந்து சைவரானார். பின்னர் இலண்டன் சைவ உணவுச் சங்கத்தின் செயற்குழுவிலும் இடம்பெற்றார்.

அக்காலத்தில் முட்டை இறைச்சி ஆகாது என்று வாதிட்டோர் இருந்தனர். அதை ஏற்றுச் சில காலம் முட்டை உண்ட காந்தியடிகள் பிறகு சிந்தித்துப் பார்த்தார். தாயின் எண்ணத்தில் முட்டையும் இறைச்சியில் அடங்கும். வாக்கைப் பெற்றவர் எப்பொருளில் அதைப் பெற்றாரோ அப்பொருளே செல்லும் எனக் கருதி முட்டையைக் கைவிட்டார். இந்த நிகழ்ச்சியை வாசகர்கள் நினைவில் கொள்ள வேண்டுகிறேன்.

1893இல் அவர் தென்னாப்பிரிக்கா சென்றார். மறு ஆண்டு, டர்பனில் பாலசுந்தரம் என்னும் தமிழ் ஒப்பந்தத் தொழிலாளி, முதலாளி அடித்ததில் பல் உடைந்து, இரத்தம் ஒழுகும் வாயோடு அவரிடம் வந்து நின்றார். கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் சேர்த்த அந்த ஒப்பந்த முறையின் கொடுமையைக் காந்தியடிகளுக்கு உணர்த்தியவர் ஒரு தமிழரே. 1913இல் அவர் 'இந்தியன் ஒப்பீனியன்' இதழில் உடல்நலம் குறித்துத் தொடர் எழுதினார். தேநீர், காப்பி, கோக்கோ ஆகியவற்றை வேண்டாம் என்று சொன்ன அவர், கோக்கோத் தோட்டத் தொழிலாளர்கள் நடத்தப்படும் கொடுமையையும் ஒரு காரணமாகக் காட்டினார். உணவில் அறம் என்பது விலங்கோடு முடிவதில்லை; அதை விளைவித்த மனிதனின் கையையும் அது சேர்த்துப் பார்க்கிறது. தோட்டத்துப் பிள்ளையாகிய எனக்கு இச்செய்தி நெஞ்சைத் தொட்டது.

அவருடைய கொள்கை பிறரைத் தொட்ட இடங்களும் உண்டு. பத்து வயது மகன் மணிலால் பம்பாயில் கடும் காய்ச்சலில் கிடந்தபோது, முட்டையும் கோழிச் சாறும் கொடுக்குமாறு மருத்துவர் கூறினார். தந்தை மறுத்து, ஈரத்துணி சுற்றும் நீர்ச் சிகிச்சை செய்தார். மகன் பிழைத்தான். எது காப்பாற்றியது என்று உறுதியாகச் சொல்ல இயலாது எனப் பின்னாளில் அவரே ஒப்புக்கொண்டார். டர்பனில் அறுவை சிகிச்சைக்குப் பின் நலிந்து கிடந்த கஸ்தூரிபாவுக்கு மாட்டிறைச்சிச் சாறு கொடுக்க வேண்டும் என்றார் மற்றொரு மருத்துவர். காந்தியடிகள் முடிவை மனைவியிடமே விட்டார். அவர் உறுதியாக மறுக்கவே, தூறல் மழையில் அவரைப் பீனிக்ஸ் குடியிருப்புக்கு அழைத்துச் சென்றார். மனைவியின் மறுப்பு அவரே எடுத்த முடிவு. பத்து வயதுச் சிறுவனின் உயிரைப் பணயம் வைக்கத் தந்தைக்கு உரிமை உண்டா என்ற கேள்வியோ இன்றும் நம் முன் நிற்கிறது.

1910இல் ஜெர்மானிய யூதரான கட்டடக் கலைஞர் காலன்பாக், ஜோகானஸ்பர்க் அருகே 1100 ஏக்கர் நிலத்தை அறப்போராளிக் குடும்பங்களுக்காக வழங்கினார். அதுவே டால்ஸ்டாய் பண்ணை. தமிழர் பலர் வாழ்ந்த அப்பண்ணையில், 1912இல் காந்தியடிகளும் காலன்பாக்கும் பாலை விட்டனர். பால் புலனடக்கத்திற்குத் தடை என்ற எண்ணம் அவருக்கு முன்பே இருந்தது. மாட்டுக்காரர்கள் கடைசிச் சொட்டுப் பாலையும் கறப்பதற்காகப் பசுக்களையும் எருமைகளையும் வதைத்ததைப் பற்றிக் கல்கத்தாவிலிருந்து வந்த வெளியீடுகள் அவர் முடிவை உறுதியாக்கின. நிலக்கடலை, வாழைப்பழம், பேரீச்சை, எலுமிச்சை, ஆலிவ் எண்ணெய் இவையே அவர் உணவாயின. 1914இல் இலண்டனில் நோயுற்றபோது கோகலே வற்புறுத்தியும் அவர் பாலைத் தொடவில்லை.

சோதனை 1918இல் வந்தது. கேடா மாவட்டத்தில் ஊர் ஊராக நடந்து உடல் நலிந்திருந்தவரை வயிற்றுக்கடுப்பு சாய்த்தது. சாவு நெருங்கிவிட்டதாகவே அவர் நம்பினார். பால் அருந்தாமல் உடல் தேறாது என்றார் பம்பாய் மருத்துவர் தலால். விரதத்தைக் காரணம் காட்டினார் காந்தியடிகள். அருகில் நின்ற கஸ்தூரிபா, விரதம் எடுத்தபோது மனத்தில் இருந்தவை பசும்பாலும் எருமைப்பாலும்தானே, ஆட்டுப்பாலுக்கு என்ன தடை என்று கேட்டார். அக்கேள்விக்கு அவர் பணிந்தார். 1919இல் அறுவை சிகிச்சை முடிந்து தேறியவர், அதே ஆண்டில் ரௌலட் சட்டத்தை எதிர்த்து நாட்டையே எழுப்பினார்.

இலண்டனில் சொல்லைவிடப் பொருளே பெரிது என்று முட்டையை விட்ட அதே மனிதர், இங்கே பொருளை விட்டுச் சொல்லைப் பற்றிக்கொண்டார். இதை வேறு யாரும் சுட்டிக்காட்டத் தேவை இருக்கவில்லை. தம் வரலாற்றில் அவரே இதை எழுதி, உயிர் வாழும் ஆசையும் போராடும் ஆசையும் தம்மை வென்றன என்று ஒப்புக்கொண்டார். பாலுக்கு ஈடான தாவர உணவு எதையேனும் அறிந்தவர்கள் தெரிவிக்குமாறும் வேண்டினார். ஆயினும் ஆட்டுப்பால் இறுதிவரை அவர் உணவில் இருந்தது. 1931 நவம்பர் 20ஆம் நாள், முதிய ஹென்றி சால்ட்டும் வந்திருந்த இலண்டன் சைவ உணவுச் சங்கக் கூட்டத்தில் பேசினார். சைவம் உடல்நலத்தின் மேல் அன்றி அறத்தின் மேல் நிற்க வேண்டும் என்றும், சைவர்களுக்குப் பணிவு வேண்டும் என்றும் அங்கே வலியுறுத்தினார்.

1944இல் இங்கிலாந்தில் பாலையும் முட்டையையும் தவிர்ப்போருக்கென 'வீகன்' சங்கம் தோன்றியது. 1948 ஜனவரி 30ஆம் நாள் காந்தியடிகள் மறைந்தார். அதே 1948இல்தான் பி12 உயிர்ச்சத்தை அறிவியலாளர் பிரித்தெடுத்தனர். தாவர உணவில் நம்பத்தக்க அளவில் கிடைக்காத அச்சத்து, இன்று நுண்ணுயிர்களைக் கொண்டு உருவாக்கப்பட்டு மாத்திரையாகக் கிடைக்கிறது. அவர் தேடிய விடையின் ஒரு பகுதி இன்று மருந்துக் கடையில் இருக்கிறது. ஆகவே, பாலை விட விரும்பும் மாணவர்கள் அவரைப்போல் உடலை வருத்த வேண்டியதில்லை. மருத்துவரைக் கேட்டு முறையாக உண்டால் போதும்.

ஆனால் அவர் வாழ்வின் மற்றொரு பாடம் மாத்திரையில் அடங்காது. தவறியதை மறைக்காத நேர்மையும், தவறாதோர் என்று தம்மை எண்ணாத பணிவும் அது. அடுத்த விடுமுறையில் அம்மாவிடம் தே ஓ கலக்கச் சொன்னேன். பாட்டியின் அருகில் அமர்ந்து, அந்த மாட்டுக்கு என்ன பெயர் வைத்திருந்தார் என்று கேட்டேன். அவர் நெடுநேரம் பேசினார். என் கோப்பையில் பால் இல்லை என்பதை அவரும் பார்த்தார், அன்று கோபப்படவில்லை.