ஆனைமலையின் தேக்குத் துரை

எம் ஊராகிய கொடுமுடியில், காவிரிக் கரையிலுள்ள மகுடேசுவரர் கோயிலில் முதுவன்னி மரம் ஒன்று உண்டு. அதன் வயதை ஊரார் ஆயிரக்கணக்கிற் கூறுவர். நட்டவர் யாவரென்று வினவின், விடை கூறுவார் ஒருவரும் இலர். மரம் நட்டார் பெயர் மறைந்து போவதே உலகியல்பு போலும். அவ்வியல்புக்கு விலக்காக, நம் கொங்கு நாட்டில் ஒரு மலைக்காடே தம் பெயர் சொல்ல வைத்துச் சென்றவர் ஹியூகோ வுட் துரை. அவர் வரலாற்றை ஈண்டுச் சுருங்க உரைப்பாம்.

வுட் துரை பிறந்தது 1870-ஆம் ஆண்டு. வனத்துறை அலுவலராய் 1915-ஆம் ஆண்டையொட்டி அவர் ஆனைமலைக்கு வந்தபோது, அம்மலை பெரிதும் மொட்டையாகிக் கிடந்தது. அதற்குக் காரணம் யாது? ஆனைமலைத் தேக்கு கப்பல் கட்டுதற்கு மிக உகந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டிலே அது பம்பாய்க் கப்பல் துறைக்குக் கணக்கின்றிச் சென்றது. பின்பு இருப்புப்பாதை வந்தது. தண்டவாளத்தின் கீழிடும் கட்டைகளுக்கும் மரம் வேண்டியதாயிற்று. வெட்டிய மரங்களை யானைகள் இழுத்துவர, மலையுச்சியினின்று சரிவிலே கீழே உருட்டி விட்டனர். அதனாலேதான் அவ்விடத்துக்கு டாப்சிலிப் என்னும் பெயர் வழங்கலாயிற்று. அழிவின் வழியே ஊர்ப்பெயராய் நிலைத்து, இன்று உல்லாசப் பயணிகளின் வாயிலும் பயில்வது வியப்பே.

வுட் துரை மவுண்ட் ஸ்டூவர்ட் என்னும் இடத்தே சிறு மனையொன்றில் தங்கிப் பணி தொடங்கினார். மரத்தை வேரோடு அகழ்தலை விலக்கி, அடிக்கட்டையை நிறுத்தி வெட்டும் முறையைக் கைக்கொண்டார். அக்கட்டையினின்று மீண்டும் தளிர் எழும். வேரும் மண்ணைப் பற்றி நிற்கும். வெறுநிலத்திலோ புதிதாய்த் தேக்குப் பயிரிடச் செய்தார். அவர் நாள்தோறும் சட்டைப் பைகளில் தேக்கு வித்துக்களை நிரப்பிக்கொண்டு உலவுவாராம்; கைத்தடியால் நிலத்தைக் குத்திக் குழியில் வித்திட்டுச் செல்வாராம். இக்கதையைப் பொள்ளாச்சிப் பக்கத்தில் அறியாதார் இலர்.

நிற்க. தேக்கு வித்தின் ஓடு வலியது. நனைத்தும் உலர்த்தியும் பக்குவப்படுத்தினாலன்றி எளிதில் முளையாது. ஆகவே அத்துணைக் காடும் ஒருவர் கைத்தடியால் எழுந்தது என்பதை யாம் அவ்வாறே கொள்ளத் துணியோம். வெயிலிலும் மழையிலும் குழி தோண்டிய கைகள் பல. அவர்தம் பெயர்கள், எம்மூர் வன்னியை நட்டவர் பெயர் போலவே, எவர் வாயிலும் இல்லை.

மற்றொன்றும் கூறல் வேண்டும். துரை நட்டது விற்பனைக்குரிய மரம். ஒரே இனமாகிய தேக்கு நிரை நிரையாய் நிற்பது, பல்வகை மரமும் கொடியும் செறிந்த சோலைக்காட்டுக்கு ஒருகாலும் ஈடாகாது. எனினும், மொட்டை மலையை மொட்டையாகவே விட்டிருப்பின் யாது நிகழ்ந்திருக்கும்? ஆனைமலைத் தொடரிற் பிறக்கும் அமராவதி கரூர்ப் பக்கத்திலே காவிரியோடு கலக்கின்றது. மலை மண் கரைந்தால் வயலுக்கும் கேடு. உலகம் நாளுக்கு நாள் வெப்பமுறும் இக்காலத்தில், கரியமில வாயுவை உண்டு தன் வயிரத்துள் அடக்கி வைக்கும் மரத்தின் அருமையை யாம் நன்குணர்கின்றோம். துரை அதனைக் கருதியவரல்லர். மரம் அரசுக்கு என்றென்றும் கிடைத்தல் வேண்டும் என்பதே அவர் கருத்து. ஆயினும் அக்காடு 1976-இல் வனவிலங்குச் சரணாலயமாயிற்று. 2007-இல் புலிகள் காப்பகமாயிற்று. வெட்டுதற்கென நட்ட தேக்கின் நிழலிலே இன்று யானையும் காட்டெருதும் மேய்கின்றன.

தேக்கு முதிர்ந்து பயன்தர அறுபது எழுபது ஆண்டு செல்லும். நாற்பத்தைந்து வயதில் வித்திட்டவர் அதன் முதிர்ச்சியைக் காண்பது ஏது? துரையை என்புருக்கி நோய் பற்றியது. மலையை விட்டுக் குன்னூர் சென்று வாழ்ந்தவர், 1933-ஆம் ஆண்டு திசம்பர்த் திங்களில் காலமானார். தம்முடலைத் தாம் வளர்த்த தேக்குகளிடையே அடக்கஞ் செய்தல் வேண்டுமென்பது அவர் விருப்பம். அவ்வண்ணமே மவுண்ட் ஸ்டூவர்ட்டில் அடக்கஞ் செய்தனர். அவர் நினைவுச்சின்னத்தைக் காண விழைவோர் சுற்றிலும் நோக்குக என்னும் பொருள்படும் இலத்தீன் தொடரொன்று அக்கல்லறையிற் பொறிக்கப்பட்டுளது.

யாம் சேத்துமடை வழியாய் அங்குச் சென்றது ஒரு மாசித் திங்களில். தேக்குகள் இலையுதிர்த்து நின்றன. அகன்ற சருகுகள் கல்லறையை மூடியிருந்தமையால், அவற்றைக் கையால் விலக்கியே எழுத்தைப் படித்தோம்.