முதற் பொதுத்தேர்தலை நடத்திய சுகுமார் சென்

தேர்தலில் வென்றவர்களை வரலாறு நினைவில் வைத்துக்கொள்கிறது. தோற்றவர்களையும் ஓரளவு நினைத்துப் பார்க்கிறது. அத்தேர்தலை நடத்தியவரையோ பெரும்பாலும் மறந்துவிடுகிறது. இந்தியக் குடியரசின் முதற் பொதுத்தேர்தலை நடத்திய சுகுமார் சென் அங்ஙனம் மறக்கப்பட்டோருள் ஒருவர். பல மொழி, பல சமயம், பல இனம் வாழும் இப்பெருநாட்டில் வாக்குரிமை என்னும் சட்டச் சொல்லைச் செயலாக்கிக் காட்டியவர் அவரே ஆவார்.

இளமையும் பணியும்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் வங்காளக் குடும்பமொன்றில் பிறந்தவர் சென். கல்கத்தா பிரசிடென்சி கல்லூரியிலும் பின்னர் இலண்டன் பல்கலைக்கழகத்திலும் பயின்று, கணிதத்தில் தங்கப் பதக்கம் பெற்றார். 1920களின் தொடக்கத்தில் ஐ.சி.எஸ். பணியில் சேர்ந்து, வங்காள மாவட்டங்கள் பலவற்றில் பணியாற்றினார், நீதிபதியாகவும் விளங்கினார். நாடு விடுதலை பெற்றபின் மேற்கு வங்க அரசின் தலைமைச் செயலராக உயர்ந்தார். அப்பொறுப்பிலிருந்த அவரை 1950ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் தலைமைத் தேர்தல் ஆணையர் பதவி வந்தடைந்தது.

தேர்தல் ஆணையம் 1950 சனவரி 25ஆம் நாள், குடியரசு பிறப்பதற்கு முதல்நாள், தோன்றியது. அரசமைப்புச் சட்டத்தின் 324ஆம் பிரிவு அதனை ஆட்சியாளரின் கைக்கு எட்டாத தனி அமைப்பாக நிறுவிற்று. அந்நாளில் ஆணையம் என்பது ஒரே ஒருவர்தாம். 1951ஆம் ஆண்டின் முற்பகுதியிலேயே தேர்தல் நடைபெற வேண்டும் எனப் பிரதமர் நேரு விரும்பினார். ஆயத்தம் முடியாமல் தேர்தல் இல்லை என்பதில் சென் உறுதியாக நின்றார். விரைவினும் செம்மையே பெரிது என்பது அக்கணித மேதையின் கருத்து எனலாம்.

ஒரே பட்டியல்

1909ஆம் ஆண்டுச் சட்டம் முதல் இந்நாட்டு முசுலிம்கள் தனித்தொகுதி முறையில் தனிப்பட்டியலில் வாக்களித்து வந்தனர். விடுதலைக்குப்பின் அம்முறை கைவிடப்பட்டது. சமயம், இனம், சாதி, பால் ஆகியவற்றின் பெயரால் எவரையும் விலக்கவொண்ணாத ஒரே பொதுப்பட்டியல் ஒவ்வொரு தொகுதிக்கும் வேண்டும் என 325ஆம் பிரிவு விதித்தது. இம்மாற்றம் சிறுபான்மையினரிடையே அச்சத்தைத் தோற்றுவித்தது இயல்பே. சென்னை மாகாணத்தைச் சேர்ந்த பி. போக்கர் சாகிபு 1947 ஆகத்துத் திங்களில் அரசியல் நிர்ணய சபையில் தனித்தொகுதி முறை நீடிக்க வேண்டும் என வாதாடினார். அவை அதனை ஏற்கவில்லை. அவரே முதற் பொதுத்தேர்தலில் அன்றைய சென்னை மாநிலத்து மலப்புரம் தொகுதியில் முசுலிம் லீக்கின் சார்பில் பொதுப்பட்டியலின்வழி வென்று மக்களவைக்குச் சென்றார். முசுலிம்கள் மிகுதியாக வாழும் தொகுதி அது என்பது உண்மையே. எனினும், தாம் எதிர்த்த முறையிலேயே நின்று ஒருவர் வெல்ல முடிந்தது என்பது அத்தேர்தல் நேர்மையாக நடந்தமைக்கு ஒரு சான்றாகும்.

பெயர் தரா மகளிர்

இருபத்தொரு வயது நிரம்பிய ஆண், பெண் அனைவர்க்கும் வாக்குரிமை என்றது சட்டம். 17 கோடியே 60 இலட்சம் பேரைப் பட்டியலிட வேண்டியிருந்தது. அவர்களுள் ஏறத்தாழ நூற்றுக்கு எண்பத்தைவர் எழுத்தறியாதவர். பட்டியல் தொகுக்கும் பணியை அரசியல் நிர்ணய சபையின் செயலகம் முன்னரே தொடங்கியிருந்தது. அதனை முழுமையாக்கும் பொறுப்பு சென்னிடம் வந்தது.

அப்போது எதிர்பாராத இடர் ஒன்று தோன்றியது. பீகார், உத்தரப்பிரதேசம், இராசத்தான், மத்திய பாரதம், விந்தியப் பிரதேசம் ஆகிய பகுதிகளில் பெண்கள் பலர் அயலாரிடம் தம் பெயரைக் கூற மறுத்தனர். இன்னாரின் மனைவி, இன்னாரின் தாய் என்றே எழுதச் செய்தனர். அது வழிவழி வந்த வழக்கம். அப்பதிவுகளை ஏற்கவியலாது, பெயரைப் பெற்று எழுதுக என ஆணையிட்டார் சென். காலநீட்டிப்பும் வழங்கப்பட்டது. அதன்பின்னரும் பெயர் தராத ஏறத்தாழ 28 இலட்சம் மகளிரின் பதிவுகள் நீக்கப்பட்டன. பட்டியலில் இருந்திருக்க வேண்டிய பெண்களின் தொகை ஏறத்தாழ எட்டுக் கோடி.

இது கடுமையான முடிவு. உரிமை வழங்க வந்தவரே உரிமையைப் பறித்தார் என்று குறைகூறுதற்கு இடமுண்டு. அம்மகளிருள் பலர்க்குப் பெயரைச் சொல்லும் உரிமை தம் கையில் இருந்ததா என்பதும் எண்ணத்தக்கது. ஆயினும், பெயரின்றி ஒருவரை வாக்காளர் என ஏற்றிருப்பின், அவ்வாக்கு கணவரின் வாக்காகவோ மகனின் வாக்காகவோ முடிந்திருக்கும்; ஒருவர் பெயரில் மற்றொருவர் வாக்களிக்கவும் வழி திறந்திருக்கும். இழப்பு அறிந்தே அம்முடிவை எடுத்த சென், அடுத்த தேர்தலுக்குள் இக்குறை நீங்கும் என நம்பினார். நம்பிக்கை வீண்போகவில்லை. 1957ஆம் ஆண்டுத் தேர்தலுக்குள் பெண்கள் பெருமளவில் தத்தம் பெயருடன் பட்டியலில் இடம்பெற்றனர்.

பெட்டியும் சின்னமும்

எழுத்தறியாதவர் எங்ஙனம் வாக்களிப்பது? ஒவ்வொரு கட்சிக்கும் ஒரு சின்னம். ஒவ்வொரு வேட்பாளர்க்கும் அச்சின்னம் ஒட்டிய தனிப்பெட்டி. விரும்பிய பெட்டியில் சீட்டை இட்டால் போதும். இம்முறைக்காக இருபது இலட்சத்திற்கும் மேற்பட்ட எஃகுப் பெட்டிகள் செய்யப்பட்டன. ஒருவரே இருமுறை வாக்களிப்பதைத் தடுக்க விரலில் அழியாத மை இடப்பட்டது. ஏறத்தாழ 2,24,000 வாக்குச்சாவடிகள் அமைந்தன.

இமயமலைச் சாரலில் உள்ள சினி என்னும் ஊரில், பனி விழுந்து கணவாய்கள் அடைபடுமுன், 1951 அக்டோபர் 25ஆம் நாள் முதல் வாக்குகள் பதிவாயின. 1952 பிப்ரவரியில் வாக்குப்பதிவு நிறைவுற்றது. மக்களவையின் 489 இடங்களுள் 364ஐக் காங்கிரசு பெற்றது. பெட்டிகளைப் பாதுகாத்து வைத்து அடுத்த தேர்தலுக்கும் பயன்படுத்திப் பொதுப்பணத்தைச் சேமித்தார் சென். 1957இல் அவர் நடத்திய இரண்டாம் தேர்தலில் கேரளத்தில் பொதுவுடைமைக் கட்சி வென்று ஆட்சி அமைத்தது. நடுவண் அரசை ஆண்ட கட்சி அங்கே தோற்றது. அவ்வாண்டு சட்ட அமைச்சரான அசோக் குமார் சென், சுகுமார் சென்னின் உடன்பிறந்தவர் என்பது ஈண்டு நினைக்கத்தக்கது.

சூடான் நாட்டில்

1953 பிப்ரவரியில் பிரித்தானியாவும் எகிப்தும் செய்துகொண்ட உடன்பாட்டின்படி சூடான் நாட்டிற்குத் தேர்தல் ஆணையம் அமைக்கப்பட்டது. சூடானியர் மூவரும், எகிப்து, பிரித்தானியா, அமெரிக்கா, இந்தியா ஆகிய நாடுகளைச் சேர்ந்த ஒவ்வொருவரும் அதன் உறுப்பினர். எழுவர் கொண்ட அவ்வாணையத்தின் தலைமை சென்னை நாடி வந்தது. வடக்கே அரபு மொழி பேசும் முசுலிம்கள். தெற்கே டிங்கா, நூயர் முதலிய பல இனத்தார். கல்வியும் சாலையும் எட்டாத பரந்த நிலம். நகரங்களில் நேரடித் தேர்தலும் ஏனைய பல பகுதிகளில் மறைமுகத் தேர்தலும் நடைபெற்றன. பொதுத்தொகுதிகளில் பெண்களுக்கு வாக்குரிமை இல்லை. அது 1964ஆம் ஆண்டு மக்கள் எழுச்சிக்குப் பின்னரே கிட்டியது. கீழவையின் 97 இடங்களுள் 51ஐத் தேசிய ஒன்றியக் கட்சி பெற, இசுமாயில் அல்-அசுகரி முதற் பிரதமரானார். 1956 சனவரி முதல் நாள் சூடான் விடுதலை பெற்றது.

ஆனால் விடுதலைக்கு முன்பே, 1955இல், தெற்கில் கலகம் மூண்டது. 1958 நவம்பரில் படைத்தளபதிகள் ஆட்சியைக் கைப்பற்றினர். நெடும்போர்களுக்குப் பின் 2011இல் தெற்குச் சூடான் தனிநாடாயிற்று. இரு நாடுகளிலும் தேர்தலை நடத்தியவர் ஒருவரே, விளைவுகள் வேறாயின. நேர்மையான தேர்தல் கதவைத் திறக்கும். உள்ளே எல்லார்க்கும் இடம் தருவது ஆள்வோரின் கடமை. அது தவறின் எந்த ஆணையராலும் நாட்டைக் காக்கவியலாது.

நிறைவு

1958 திசம்பரில் பதவியினின்று விலகிய சென், பின்னர் வர்த்தமான் பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தரானார். 1963இல் மறைந்தார். கோடிக்கணக்கானோரின் பெயர்களை எழுதச் செய்த அவர், தம் வாழ்க்கையைப் பற்றி நூலேதும் எழுதிவைக்கவில்லை.

1989 முதல் வாக்குரிமை வயது பதினெட்டு ஆயிற்று. கல்லூரியில் அடியெடுத்து வைக்கும் மாணவ மாணவியர் அவ்வுரிமையின் வாயிலில் நிற்கின்றனர். பட்டியலில் சேர்வதற்கான படிவத்தின் தொடக்கத்தில் கேட்கப்படுவது அவரவர் பெயரே. அதனைத் தம் கையால் நிரப்பும் ஒவ்வொரு மாணவியும், அன்று பெயர் சொல்லாது விடுபட்ட 28 இலட்சம் மகளிரை ஒருகணம் எண்ணிப் பார்ப்பாராக.